தீபாவளிக்கு முன்னால் ஒரு சிவப்புத் தாள்

நண்பரே,

போன வாரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் வடை வாங்கினேன். கிழித்த காலண்டர் தாளில் வைத்துக் கொடுத்தார்கள். எண்ணெய் ஊறிய பிறகு அதிலிருந்த எழுத்து இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. ஜூலை இருபது. ராகு காலம், எமகண்டம், சூலம், மேஷத்துக்கு வரவு, ரிஷபத்துக்கு அலைச்சல். அடியில் ஒரு வரி: இன்று மனிதன் நிலவில் கால் வைத்த நாள்.

நீர் பக்கத்தில் இருந்திருந்தால் வடையை என் கையில் திணித்துவிட்டுத் தாளைப் பிடுங்கியிருப்பீர். "எந்த ஊர்க்காரன் வே இதப் போட்டான்?" என்று கேட்டிருப்பீர். உம் காலண்டரில் அந்த வரி எப்போதும் ஜூலை இருபத்தொன்றில்தான் இருந்தது. அமெரிக்காவில் அப்போது இருபதாம் தேதி இரவு. இங்கே பொழுது விடிந்து ஆட்கள் காட்டு வேலைக்குப் போய்விட்ட நேரம். "அவன் அங்க நின்னு பாத்தான், அவனுக்கு இருவது. நாம இங்கன நின்னு பாத்தோம், நமக்கு இருவத்தொண்ணு. நம்ம செவுத்துல தொங்குத காலண்டர்ல நம்ம நாளத்தான் போடணும்" என்பீர். ஆண்டுதோறும் யாராவது ஒரு வாத்தியார் தேதி தவறு என்று கார்டு எழுதுவார். நீர் பதில் போட மாட்டீர். மறு ஆண்டும் இருபத்தொன்றுதான்.

டீ ஆறிப்போனது. ஆடி பிறந்துவிட்டது என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாளே நீர் எனக்கு ஆள் அனுப்புவீர்.

ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் உம் அச்சகம். காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு மெஷின், சுவர் நீளத்துக்கு எழுத்துப் பெட்டிகள், மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசம். கல்யாணப் பத்திரிகையும் கட்சி நோட்டீசும் ஆண்டு முழுக்க ஓடும். ஆடிக்குப் பிறகு காலண்டர். பெரிய வேலைகளெல்லாம் சிவகாசிக்குப் போய்விடும். அவர்கள் திரும்பிப் பார்க்காத சின்ன ஆர்டர்கள் உமக்கு: உரக்கடை, மருந்துக்கடை, உம்முடைய சபை, அப்புறம் சுற்று வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலைகள். நம் பக்கத்தில் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். மேலே தொங்கும் அட்டையில் அவரவர் பெயரும் அவரவர் சாமி படமும் இருக்கும். கீழே தைக்கிற தேதிக் கட்டு எல்லோருக்கும் ஒன்றே.

நீர் வேதக்காரர், கிறிஸ்தவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் கழுகுமலை ஜோசியர் எழுதிக் கொடுத்த திதியையும் நட்சத்திரத்தையும் ஒரு புள்ளி பிசகாமல் கோப்பீர். சபைப் போதகர் ஒருமுறை இதைப் பற்றி இழுத்து இழுத்துக் கேட்டபோது, "ராகு காலத்துக்கு நான் ஜவாப்தாரி இல்ல ஐயா, அச்சுப்பிழைக்கு மட்டுந்தான் ஜவாப்தாரி" என்றீர். போதகர் சிரித்துவிட்டு, சபைக் காலண்டரில் ராகு காலத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். கட்டு எல்லோருக்கும் ஒன்று என்பதால் முடியாது என்று சொல்லிவிட்டீர்.

தாளின் அடியில் வரும் 'இன்று' வரிகளில் எனக்குப் பங்கு உண்டு. நாளிதழ் ஒன்றுக்குக் கோவில்பட்டி நிருபராக இருந்த நான் தேதிகளைத் தேடிக் கொண்டுவருவேன், நீர் எழுத்துக் கோத்தபடியே கேட்பீர். சில நாட்களுக்கு இடம் கொள்ளாத அளவு சம்பவம் இருக்கும். சில நாட்களில் உலகத்தில் எங்குமே ஒன்றும் நடந்திருக்காது. புரட்டாசியில் அப்படி ஒரு நாள் வந்தபோது, 'இன்று மழை பெய்தால் விதைக்கலாம்' என்று கோத்துவிட்டீர். இது வரலாறு இல்லையே என்றேன். "கரிசக்காட்டுக்கு வேற என்ன வே வரலாறு?" என்றீர். அந்த வரிக்கு எந்த வாத்தியாரும் கார்டு எழுதவில்லை. அக்டோபர் பதினாறுக்கு மட்டும் நமக்குள் பேச்சே கிடையாது. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட நாள். அதற்குப் பெரிய எழுத்து.

அப்படி இருக்கும்போதுதான் தொண்ணூறுகளின் பிற்பாதியில் அந்த ஐப்பசி வந்தது. கழுகுமலைக்குப் போகிற வழியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் தீப்பிடித்தது. பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வேனில் வேலைக்குப் போன பெண்களில் நான்கு பேர் திரும்பவில்லை. ஆடு மேய்த்து, பிறகு மழையை நம்பிக் கொஞ்சம் பருத்தியும் உளுந்தும் விதைக்கத் தொடங்கிய குடும்பங்கள் அவை. நான் அன்று மாலையே போய்ப் பார்த்தேன். செய்தி என்றால் நாள், இடம், ஆள் மூன்றும் முதல் வாக்கியத்தில் இருக்க வேண்டும் என்பது என் வழக்கம். அன்றும் அப்படித்தான் எழுதினேன். எழுதிய செய்தியை நீர் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தீர்.

கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் நாம் வேலையாக இருக்கும்போது இரண்டு பெண்கள் அச்சக வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி சுப்புத்தாய். தீயில் போன முத்துமாரியின் தாய். முத்துமாரி அந்த நால்வரில் இளையவள், கல்யாணமாகாதவள். கூட வந்தவள் அதே ஊர் மாடத்தி. ஆபீஸ் அதற்குள் வேறு கொட்டகையில் திறந்துவிட்டது. இரண்டு பேருமே அங்கேதான் திரும்பவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போக வேறு இடம் இல்லை.

"காலண்டரு இங்கனதான அடிக்கிய?" என்று மாடத்தி கேட்டாள்.

"ஆமா. என்ன தாயி வேணும்?"

"வார வருசத்துக்கு ஒரு நா போடணும்."

"எந்த நா?"

சுப்புத்தாய் அப்போதுதான் வாய் திறந்தாள். "எம் பிள்ள போன நா."

நீர் கையிலிருந்த எழுத்துக்களைக் கீழே வைத்தீர்.

"கயத்தாத்துல தூக்குல போட்டவருக்குப் போடுதீய. சரி, அவரு நம்ம சீமைக்கு ராசா. எங்கயோ எவனோ கப்பல்ல வந்து எறங்குனதுக்கெல்லாம் போடுதீய. எங்க ஊருல ஒரே நாள்ல நாலு பேரு போயிருக்கு. ஒரு வரி போடப்பிடாதா அண்ணாச்சி?"

"வரி கெடக்கட்டும்" என்று மாடத்தி இடைமறித்தாள். "வரிய எவ படிக்கா? செவப்பாப் போடுங்க. காலண்டர்ல செவப்பா இருந்தாத்தான் லீவுன்னு கணக்குப்பிள்ள சொல்லுதாரு. இல்லன்னா அன்னைக்கும் வண்டி வந்து ஆரனடிக்கும், நாங்க போயி அந்த மருந்து வாசத்துல நிக்கணும்."

கல்யாணமாகாமல் போன பெண் அந்த வீட்டுக்குக் கன்னி. ஆண்டுதோறும் அந்த நாளில் வீட்டை மெழுகி, ஓலைப்பெட்டியிலிருந்து புதுத் துணியை எடுத்து வைத்து, பொங்கலிட்டு அவளைக் கூப்பிட வேண்டும். அதை விடியுமுன் முடித்துவிட்டு வேனில் ஏற முடியாது. கணக்குப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்கள். "கோவில்பட்டியிலதான் காலண்டர் அடிக்காக, அங்க போயிக் கேளு" என்று அவர் கேலியாகச் சொன்னதை வழிகாட்டலாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

நீர் யோசிக்கவே இல்லை. "போட்டுருவோம் தாயி" என்றீர். அவர்கள் போன பிறகு என்னிடம் தேதி கேட்டீர். நான் சொன்னேன்.

அடுத்த ஆண்டுக் காலண்டரில் ஜூன் வரைக்குமான தாள்கள் அதற்குள் அச்சாகிவிட்டன. பிற்பாதியைக் கோத்துக்கொண்டிருந்தீர். ஒரு வாரம் கழித்து எனக்கு ஆள் வந்தது. போனால் மெஷின் நின்றிருந்தது.

"வே, இங்க வாரும். நீரு சொன்ன தேதியில தீவாளி வருது."

குத்துவிளக்குப் படம் போட்ட அச்சுக்கட்டை ஏற்கெனவே அந்தத் தாளில் உட்கார்ந்திருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். விபத்து நடந்தது தீபாவளிக்குப் பதினொரு நாள் முன்னால். தீபாவளி நிலாவைப் பார்த்து வருகிற நாள், அடுத்த ஆண்டு அதே அளவு முன்னால் நகர்ந்து வந்து சரியாக அந்தத் தேதியில் நின்றுவிட்டது.

"வந்தா என்ன? நடந்த தேதி அதுதான். தீபாவளிக்குக் கீழ சின்னதாப் போடும். செவப்பும் தானாக் கெடச்சிருது, லீவும் கெடச்சிருது" என்றேன். ஒரு கல்லில் எல்லாம் முடிந்தது என்ற நினைப்பு எனக்கு.

நீர் விளக்குக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தீர். "எனக்கென்னமோ அந்தப் பொம்பள கேட்டது இது இல்லன்னு தோணுது. போயிக் கேட்டுட்டு வந்துருவோம்."

கழுகுமலை பஸ்ஸில் போய், ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி நடந்தோம். முந்தின நாள் நல்ல மழை. கரிசல் மண் செருப்பில் அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு படி கனத்தது. நீர் செருப்பைக் கழற்றி இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வேட்டியைத் தூக்கிக் கட்டினீர். "மாப்பிள்ள வீட்டுக்குப் போறாப்புல இருக்குவே" என்றீர். இரண்டு பக்கமும் பருத்தி முழங்கால் உயரம் நின்றது.

சுப்புத்தாய் வீட்டில்தான் இருந்தாள். அன்று ஞாயிறு. கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். நீர் விஷயத்தைச் சொன்னீர். அவள் முதலில் விளங்காதவள் போல நின்றாள்.

"தீவாளி அன்னைக்கா?"

"ஆமா தாயி. அந்தத் தேதி அன்னைக்குத்தான் வருது."

"அது எப்பிடி அண்ணாச்சி வரும்? அவ போனப்ப தீவாளிக்குப் பதினொரு நா கெடந்துச்சே. அவ தீவாளியப் பாக்கவே இல்லியே."

உள்ளே போய் ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். கரும்பச்சைப் பாவாடைத் துணியும் தாவணியும், கடை மடிப்புக் கலையாமல். "தீவாளிக்குன்னு எடுத்து வச்சிட்டுப் போனா. தைக்கக்கூடக் குடுக்கல. அன்னைக்கு ஊரே வேட்டுப் போடும், பிள்ளையெல்லாம் புதுசு உடுத்திக்கிட்டு ஓடும். அதுக்கு நடுவுல நான் எங்கன ஒக்காந்து இவளக் கூப்புடுவேன்?"

நான் ஆங்கிலத் தேதியைப் பற்றி விளக்கினேன். அந்தத் தேதி ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நிற்கும், திதிதான் நகரும் என்றேன். மரியாதையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி. ஆனா அவளுக்கு அது தெரியாதே. அவ தீவாளிக்கு முந்துன தேய்பிறைத் திருதியைக்குல்லா வருவா. வந்து பாத்தா இங்க ஒண்ணும் இருக்காது. நான் ஆபீசுல நிப்பேன்."

நீர் பெட்டி மூடியை எடுத்து அவளிடம் கொடுத்தீர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாம் போட்ட சண்டை கண்டக்டருக்குக்கூட நினைவிருக்கும். அவளுடைய துக்கம் வேறு, காலண்டரில் போடுகிற வரலாறு வேறு என்றேன். ஒரு சம்பவத்துக்கு ஒரு தேதிதான் உண்டு. அதை ஆண்டுக்கொரு தேதியில் மாற்றி மாற்றிப் போட்டால், கொஞ்ச காலத்தில் அது எப்போது நடந்தது என்றே யாருக்கும் தெரியாமல் போகும். வேண்டுமானால் அவளுக்குத் திதியைத் தனியாகச் சொல்லிவிடலாம், அச்சில் வேண்டாம் என்றேன். நீர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டீர்:

"பெரிய வெள்ளி எந்தத் தேதியில வே வரும்?"

"அது வருஷத்துக்கு வருஷம் மாறும்."

"எதனால மாறுது?"

நான் கையிலிருந்த டிக்கெட்டை மடித்தேன்.

"நிலாவப் பாத்துத்தான வைக்கோம். எங்க ஆண்டவரு செத்த நாளே வருசா வருசம் நகருது. உலகம் பூராவும் கோயில்ல மணிய நிறுத்திட்டு அழுவுதாவ. ஒருத்தனும் தேதி தப்புன்னு கார்டு போடல. அவருக்கு ஒரு நியாயம், தீப்பெட்டி ஆபீசுப் பிள்ளைக்கு ஒரு நியாயமா?"

நான் அந்த டிக்கெட்டை இன்னும் சின்னதாக மடித்து, அதற்கு மேல் மடிக்க முடியாமல் வைத்திருந்தேன். 

மறுநாள் ஜோசியரிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு, தீபாவளிக்கு முந்தின தேய்பிறைத் திருதியை எந்த நாளில் விழுகிறது என்று உறுதி செய்தீர். அடுத்தது சிவப்பு. ஞாயிற்றுக்கிழமைத் தாள்களையும் அரசு விடுமுறைத் தாள்களையும் தனியே சேர்த்துக் கடைசியில் சிவப்பு மையில் ஓட்டுவது உம் வழக்கம். அந்த நாளின் அச்சைக் கறுப்பு வரிசையிலிருந்து தூக்கிச் சிவப்பு வரிசையில் வைத்தீர். அவ்வளவுதான் வேலை.

"அரசாங்கம் அறிவிக்காத லீவு வே இது" என்றேன்.

"தெரியும். யாராவது கேட்டா அச்சுப்பிழைன்னு சொல்லிருதேன். அதுக்குத்தான நான் ஜவாப்தாரி."

அடியில் அந்த வரி: இன்று தீப்பெட்டி ஆபீஸ் தீயில் நம் பெண்கள் நால்வர் மறைந்த நாள். அது உரக்கடைக் காலண்டரிலும் போனது, சபைக் காலண்டரிலும் போனது, அந்த ஆபீஸ் முதலாளி தன் பெயர் போட்டு அடித்த காலண்டரிலும் போனது. அவர் புத்தாண்டுக்கு அதைத் தன் வேலைக்காரர்களுக்கெல்லாம் இனிப்போடு கொடுத்தார். யாரும் பின்னால் புரட்டிப் பார்க்கவில்லை. தாள் கிழிக்கிற காலண்டரை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்?

அந்த நாள் வந்தபோது என்னோடு வர மாட்டேன் என்றுவிட்டீர். அச்சடித்தவன் போய் நின்றால் நன்றாக இருக்காது என்றீர். ஆனால் நான் திரும்பி வந்து சொன்னதை மூன்று தடவை கேட்டீர். நான்காவது தடவை சொல்வதாக வைத்துக்கொள்ளும்.

முதல் பஸ்ஸில் போய் ஊர் முனையில் நின்றேன். வேன் வந்து ஹாரன் அடித்தது. ஒருவரும் வரவில்லை. மறுபடி அடித்தது. வீடுகளில் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கணக்குப்பிள்ளை இறங்கி வந்தார்.

"ஏட்டி மாடத்தி! ஒருத்தியையும் காணும்? தீவாளி நெருக்கத்துல வேல தலைக்கு மேல கெடக்கு, இங்கன என்ன கூத்து?"

"இன்னைக்கு லீவுல்லா" என்றாள் மாடத்தி.

"எவன் சொன்னான்?"

"மொதலாளிதான்."

"மொதலாளியா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே."

"ஒங்களுக்குச் சொல்லலியா? அடப் பாவமே. எங்களுக்கெல்லாம் ஜனவரியிலயே சொல்லிட்டாரு."

உள்ளே போய்ச் சுவரிலிருந்த காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். மேலே முருகன் படம், முதலாளி பெயர், ஆபீஸ் பெயர். கீழே சிவப்புத் தாள். "படிங்க. நீங்கதான படிச்சவரு. மேல யாரு பேரு போட்டிருக்குன்னு மொதல்ல படிங்க."

சுற்றி நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கணக்குப்பிள்ளை மேலே படித்தார், கீழே படித்தார், மறுபடியும் மேலே பார்த்தார்.

"இது அச்சுப்பிழ" என்றார்.

"நாலு பேரு செத்ததுமா அச்சுப்பிழ?"

மாடத்தி அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. கணக்குப்பிள்ளை துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரும் சம்பளக்காரர்தான். முத்துமாரியை வேனில் ஏற்றி இறக்கியவர். அப்போது சுப்புத்தாய் வாசலுக்கு வந்து, "வந்தது வந்துட்டிய, ஒரு வாய் பொங்கல் சாப்பிட்டுப் போங்க" என்றாள். அவர் உள்ளே போனார். வாழையிலையில் கரும்பச்சைத் துணியை மடித்து வைத்திருந்தார்கள். கும்பிட்டுவிட்டு, இலைத்துண்டில் பொங்கலை வாங்கிக்கொண்டு வந்து வேனில் ஏறினார். வேன் காலியாகத் திரும்பியது. வீட்டுக்குள்ளிருந்து சுப்புத்தாய் மகள் பேரைச் சொல்லி, வாம்மா என்று கூப்பிடுவது கேட்டது. நான் அங்கே நிற்காமல் விலக்குக்கு நடந்தேன்.

இதைச் சொன்னபோது, கணக்குப்பிள்ளை அச்சுப்பிழை என்ற இடத்தில் நீர் தொடையைத் தட்டிச் சிரித்தீர். அடுத்த வரியில் எழுந்து போய் மெஷினுக்கு எண்ணெய் விட்டீர். அன்று அதற்கு எண்ணெய் தேவைப்படவில்லை.

நான் அதைச் செய்தியாக எழுதவில்லை. எழுதினால் மறு ஆண்டு சிவப்பு இருக்காது என்று இருவருக்குமே தெரியும். ஆனாலும் முதலாளிக்குத் தெரியாமல் போகுமா? இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். நானும் இருந்தேன். கிழித்த தாளை மேஜையில் வைத்து, "இது என்ன?" என்று கேட்டார். நீர் சொல்வதாகச் சொல்லியிருந்த பதில் என் காதில் தயாராக இருந்தது. நீர் அதைச் சொல்லவில்லை.

"நாந்தான் போட்டேன். பிழை இல்ல. அடுத்த வருசமும் போடுவேன்."

அவர் கத்தவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த ஆடியில் அவருடைய ஆர்டர் சிவகாசிக்குப் போயிற்று. அவரைப் பார்த்து மற்ற ஆபீஸ்களும் போயின. உரக்கடையும் மருந்துக்கடையும் சபையும் மிஞ்சின. அந்தக் குறைந்த கட்டுகளிலும் அந்த ஒரு தாள் சிவப்பாகவே வந்தது, தீபாவளி நகர்ந்த திசையில் தானும் நகர்ந்துகொண்டு. உரக்கடைக் காலண்டரைச் சுருட்டி, கழுகுமலை பஸ் கண்டக்டரிடம் ஆண்டுதோறும் சுப்புத்தாய்க்குக் கொடுத்தனுப்புவீர். முதலாளியின் புதுக் காலண்டரில் அந்த நாள் கறுப்பாக இருந்ததாம். பெண்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. மறு ஆண்டும் வேன் காலியாகத் திரும்பியது. அதற்கு மறு ஆண்டும்.

எதிர்பார்த்தபடி கார்டு வந்தது. 'சென்ற ஆண்டு ஒரு தேதியில் குறிப்பிட்ட விபத்தை இவ்வாண்டு வேறு தேதியில் குறிப்பிட்டுள்ளீர்கள். ஒரே விபத்து இரு தேதிகளில் நடக்க இயலாது.' நீர் அதை என் பக்கம் தள்ளினீர். "இதுக்கு நீரே பதில் எழுதும்." நான் எழுதினேன்: 'பெரிய வெள்ளி எந்தத் தேதியில் வருகிறது என்று தெரிவிக்கவும்.' பதில் வரவில்லை. நீர் அன்று எனக்கு டீயோடு பன்னும் வாங்கிக் கொடுத்தீர்.

சுனாமி வந்த டிசம்பரில் நீர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்திருந்தீர். நான் கடலோரமாக அலைந்துவிட்டுத் திரும்பி, நேராக உம்மிடம் வந்தேன். உம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பிறகு நான்தான் கேட்டேன், இதை இனிக் காலண்டரில் எப்படிப் போடுவீர், தேதியிலா திதியிலா என்று.

"கடக்கரையில அவிய எப்பிடிச் சொல்லுதாவ? கேட்டீரா?"

எல்லோரும் கிறிஸ்மசுக்கு மறுநாள் என்றுதான் சொல்கிறார்கள் என்றேன்.

"அப்பத் தேதிதான். கிறிஸ்மசு நகராதுல்லா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர். அந்த வரியைக் கோக்க நீர் இல்லை. அடுத்த ஆடிக்கு முன்பே போய்விட்டீர். உம் மெஷின் பழைய இரும்புக்குப் போயிற்று. இப்போது உரக்கடைக்கும் சிவகாசியிலிருந்துதான் காலண்டர் வருகிறது. அதில் நிலவு ஜூலை இருபதில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின திருதியை கறுப்பில் இருக்கிறது.

போன ஆண்டு தீபாவளிக்கு முன்னால் அந்த நாளில் சுப்புத்தாயைப் பார்த்துவரக் கிளம்பினேன். கழுகுமலைச் சாலையில் பஸ் வரவில்லை. ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்தது. கை காட்டினேன். ஓட்டி வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே போகுமா என்று கேட்டேன்.

"இன்னைக்கு அங்க வண்டி போவாது அண்ணாச்சி. வெலக்குல வேணா எறக்கி விடுதேன்."

"ஏன் போகாது?"

"அது தெரியாது. தீவாளிக்கு முன்ன ஒரு நா அந்த ஊருக்கு வண்டி கெடையாது. நான் வேலைக்கு வந்ததுலருந்தே அப்பிடித்தான். சாமி கும்புடுவாவளா இருக்கும். ஓனரு அந்த ஊருக்கு மட்டும் தனியா லீவு குடுத்திருக்காரு, நல்ல மனசு."

விலக்கு வந்தது. அவன் வண்டியை நிறுத்தினான். நான் இறங்கவில்லை. கொஞ்சம் நேரம் இருக்குமா என்று கேட்டேன். இன்ஜினை அணைத்தான்.

செய்தி எழுதத் தொடங்கிய காலம் முதல் தேதி சொல்லாமல் நான் எதையும் ஆரம்பித்ததில்லை. அன்று நான்கு பேரின் பெயர்களிலிருந்து ஆரம்பித்தேன். தீயைச் சொன்னேன், பெட்டியிலிருந்த துணியைச் சொன்னேன், ஆணியோடு பிடுங்கி வந்த காலண்டரைச் சொன்னேன். உம்மைப் பற்றிச் சொல்லும்போது ஒரு அச்சுக்காரர் என்று மட்டும் சொன்னேன். அவன் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டான். எந்த வருஷம், எந்தத் தேதி என்று ஒரு தடவைகூட அவனும் கேட்கவில்லை.

முடித்ததும் கேட்டான்: "அப்ப இது ஓனரு குடுத்த லீவு இல்லியா?"

"இல்லப்பா" என்றேன். "அவங்களா எடுத்தது."

தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு, அன்று வண்டி போகக் கூடாத அந்த ஊர்ப் பாதையில் திருப்பாமல், விலக்கிலேயே என்னை இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். நான் நடந்தேன்.